விலை உயர்ந்த ஸ்பேனர், சாக்கெட்: கொடுக்கிற காசு எங்கே வேலை செய்கிறது?

பிப்ரவரி 3 (கேள்வி)

ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ராட்செட் (சாக்கெட்டைச் சுழற்றும் பல்சக்கரக் கைப்பிடி) ஒன்று வாங்குகிற காசுக்கு, சாக்கெட் (போல்ட் மண்டைமேல் கவிழ்க்கும் குழல்), ஸ்பேனர், பிட் எல்லாம் சேர்ந்த முழுப் பெட்டியே வாங்கிவிடலாம். ரெண்டிலும் குரோம் வனேடியம் என்றுதான் பொறித்திருக்கிறது. ரெண்டும் போல்ட்டைக் கழற்றும். பல மடங்கு கொடுக்கிறவர்கள் பெயருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லவும்.

பிப்ரவரி 3, இரவு (பதில்)

பெயருக்கும் ஒரு பங்கு போகிறது, அதை மறுக்கவில்லை. "ரெண்டும் போல்ட்டைக் கழற்றும்" என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. சுத்தமான போல்ட்டை எதை வைத்தும் கழற்றலாம். பத்து வருஷம் வெயிலும் சேறும் பட்டுத் துருவேறின போல்ட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். எம்8 போல்ட்டின் (மரை விட்டம் 8 மி.மீ.) மண்டை, எதிரெதிர் முகங்களுக்கு இடையே, பெயருக்கு 13 மி.மீ. நல்ல தர போல்ட்டிலேயே அது 12.73 வரை குறைந்து வர அனுமதி உண்டு. உங்கள் போல்ட் 12.8 என்றும், தளர்வாகச் செய்த சாக்கெட் 13.2 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த சாக்கெட் போல்ட்டைப் பிடிப்பதற்கு முன் மூன்று டிகிரிக்கு மேல் சும்மா சுற்றும். பிடிக்கும்போதும் போல்ட்டின் ஆறு மூலையில் மட்டும்தான் படும். 12.95 போல்ட்டில் 13.05 சாக்கெட் போட்டால் ஆட்டம் ஒரு டிகிரிக்கும் குறைவு, பாரமும் மூலை நுனியில் மட்டும் குவியாது. மண்டை மொட்டையாவதற்குக் காரணம் இந்த ஆட்டம்தான். முதல் தடவை வழுக்கினால் மூலை கொஞ்சம் மழுங்கும். அடுத்த தடவை ஆட்டம் இன்னும் கூடும். மூன்றாவது தடவை நல்ல சாக்கெட் கொண்டுவந்தாலும் பிடிக்க மூலை இருக்காது.

குரோம் வனேடியம் என்பது உலோகக் கலவையின் குடும்பப் பெயர். அதை எவ்வளவு சூடேற்றி, எப்படிக் குளிரவைத்து, எந்தக் கடினத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று அந்த எழுத்து சொல்லாது. ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் சுமாராக ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 40-லிருந்து 48-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வாய் விரியும், மேலே போனால் விரிசல் விடும். ஒரே கலவையில் செய்த ரெண்டு ஸ்பேனர் ரெண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

பிப்ரவரி 4

எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். வெர்னியர் போதும். சாக்கெட்டின் எதிரெதிர் முகங்கள் மூன்று ஜோடி, மூன்றையும் அளக்கவும். மூன்றுக்கும் இடையே 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அச்சு தேய்ந்த பிறகு வந்த உருப்படி. பிறகு புது போல்ட் ஒன்றைச் சொருகி, விரலால் இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கவும். ஒரே பெட்டியிலேயே 10 இறுக்கமாகவும் 12 தொளதொள என்றும் இருப்பதுண்டு. மலிவுப் பெட்டிகளில் சராசரியை விட இந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய பிரச்சினை.

அடுத்து வாயைப் பார்க்கவும். போல்ட் சுலபமாக உள்ளே போவதற்காக வாயின் உள் விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சரிவு ஆழமாக இருந்தால் அவ்வளவு உயரத்துக்குப் பிடிப்பு கிடையாது. எம்8 மண்டையின் உயரமே 5.3 மி.மீ.தான். சரிவு 2 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிப்பு போய்விட்டது. மெல்லிய லாக் நட்டில் சாக்கெட் தாவிக் குதிப்பதற்கு இதுதான் காரணம். லேத்தில் வாயைச் சமமாகக் கடைந்து சரிவை எடுத்துவிட்டால் சாதாரண சாக்கெட்டே மெல்லிய நட்டை நன்றாகப் பிடிக்கும். கடையும்போது சூடேற விடக்கூடாது. நீலம் பாய்ந்தால் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரி 4, மாலை

முதல் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது. பாரத்தை மூலையிலிருந்து முகத்துக்கு நகர்த்துகிற உள்வடிவத்தை 1960களில் ஸ்னாப்-ஆன் ஃப்ளாங்க் டிரைவ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அன்றைக்கு அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருந்தது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. ஸ்டால்வில்லே, கெடோர், ஃபாகோம் எல்லோரும் ஆளுக்கொரு பெயரில் அதே கொள்கையில் செய்கிறார்கள். தைவானில் செய்த நடுத்தர விலை சாக்கெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள், மூலைகள் வளைவாகக் குடைந்திருக்கும். ஆகவே "முகத்தில் பிடிக்கும்" என்ற ஒரே காரணத்துக்காக உச்ச விலை கொடுக்க இன்றைக்கு அவசியமில்லை. கேள்வி கேட்டவருக்கு இதில் பாதி வெற்றி.

சாக்கெட்டின் உள்ளே ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்ற துணைக்கேள்விக்கும் இங்கேயே பதில். 8-லிருந்து 19 வரை சாக்கெட் என்றால் ஆறு முனைதான். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரில் உதவும், ஏனென்றால் கை திருப்ப இடமில்லாத இடத்தில் 30 டிகிரிக்கு ஒரு தடவை மாற்றிப் போடலாம். மழுங்கின மண்டையில் பன்னிரண்டு முனையைப் போடவே கூடாது.

பிப்ரவரி 6

"அப்படியானால் அந்த விலை எதற்கு?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஸ்னாப்-ஆன், மேக், மேட்கோ எல்லாம் அமெரிக்காவில் வேனில் வந்து விற்கிற நிறுவனங்கள். வேன் வாரா வாரம் பட்டறை வாசலுக்கே வரும். மெக்கானிக் தவணையில் வாங்குவார். ராட்செட் பல் உடைந்தால் அங்கேயே மாற்றிக்கொடுப்பார்கள். வேன், அதன் ஓட்டுநர், கடன் வாராமல் போகிற அபாயம், இலவசமாக மாற்றிக் கொடுக்கிற உருப்படிகள் எல்லாம் அந்த விலைக்குள்தான் இருக்கின்றன. மணிக் கணக்கில் சம்பளம் வாங்குகிற மெக்கானிக்குக் கருவி இல்லாமல் ஒரு நாள் நின்றால் நஷ்டம். அவருக்கு அந்தச் சேவை காசு பெறும். வேன் வராத இடத்தில் இருப்பவர் அதே விலை கொடுத்தால், கிடைக்காத சேவைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

அந்தத் தரம் வேண்டும், வேன் வேண்டாம் என்றால் தொழிற்சாலைகளுக்கு விற்கிற நிறுவனங்களைப் பாருங்கள். ஜெர்மனியின் ஹாஸெட், கெடோர், ஸ்டால்வில்லே, ஜப்பானின் கோக்கென், கேடிசி. உலோகமும் அளவும் எந்த வேன் பெயருக்கும் குறைந்ததில்லை. பாகோ என்ற கருவி நிறுவனம் 1999-லிருந்து ஸ்னாப்-ஆன் குடும்பத்தில்தான் இருக்கிறது, ஆனால் விலையில் வேன் கிடையாது.

ஆயுள் உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. உடைந்ததை யார் கையில் கொடுத்து, எத்தனை நாளில் புதுசு வாங்குவது என்று தெரியாத உத்தரவாதத்துக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி), ரம்பத் தகடு, அரம், பிட் போன்றவை பெரும்பாலும் அதில் சேராது. வாங்கும் முன் படித்துவிடவும்.

பிப்ரவரி 7

இனி உண்மையாகவே காசைப் போட வேண்டிய இடங்கள். விதி சின்னது: கருவியின் பிடி கெட்டால் போல்ட்டும் சேர்ந்து கெடுமா? கெடும் என்றால் நல்லது வாங்கவும்.

முதலிடம் பிரேக் பைப் நட்டுக்கான ஸ்பேனருக்கு. ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட மாதிரி இருக்கும், பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ. நட்டு மென்மையானது, உள்ளே பைப் துருவில் ஒட்டியிருக்கும். வெட்டு விட்ட ரிங்குக்கு இயல்பிலேயே பலம் குறைவு. மலிவானதில் அழுத்தம் கொடுத்தால் ரெண்டு கொம்பும் விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். விரிந்த அந்த நொடியிலேயே நட்டு உருண்டுவிடும், பிறகு பைப்பை அறுத்துப் புதுசு போட்டு, பிரேக்கில் காற்று எடுத்து என்று அரை நாள் வேலை. மொத்தமான சுவர் உள்ளதாகப் பார்த்து, தேவைப்படும் ரெண்டு அளவு மட்டும் உயர்ந்த தரத்தில் வாங்கினால் போதும். கழற்றும்போது பைப் நட்டுக்குள் நுழையும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்கவும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி, துருப்பிடிப்பு விட்டது தெரிந்த பிறகு கழற்றவும். பைப்பும் சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்தவும். முறுக்கின பைப் அப்புறம் கசியும்.

ரெண்டாவது அலன் கீ. 5 மி.மீ. என்று எழுதி 4.9-க்கு வருவது மலிவு செட்டில் சாதாரணம், மூலையும் உருண்டையாகவே பிறந்திருக்கும். அலன் போல்ட் உள்ளே மொட்டையானால் வெளியே எடுக்கப் பிடி எதுவும் இல்லை. உருண்டை முனை உள்ள பக்கத்தை இறுகிய போல்ட்டை முதலில் அசைக்கப் பயன்படுத்தக்கூடாது. கழுத்து மெல்லியது, படுகிற இடமும் குறைவு. முனை தேய்ந்த நல்ல அலன் கீயைத் தூக்கிப் போட வேண்டாம். 2, 3 மி.மீ. சாணைக்கல்லில் கடைந்து எடுத்தால் புது மூலை கிடைக்கும். ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் நனைக்கவும்.

மூன்றாவது ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். ஜப்பானிய பைக்குகளின் கார்புரேட்டர் கிண்ணம், பிரேக் ஆயில் டப்பா மூடி ஆகியவற்றில் இருக்கிற ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வடிவம். பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், மண்டையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ். அதில் பிலிப்ஸ் போட்டால் முனை அடிவரை உட்காராது, சுற்றும்போது மேலே ஏறி வெளியே தள்ளப்படும். வெஸல் போன்ற ஜப்பானியத் தயாரிப்பில் 2-ஆம் எண் ஒன்று, 3-ஆம் எண் ஒன்று போதும். போடும் முன் குழியில் உள்ள பெயின்ட்டையும் மண்ணையும் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டவும்.

சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் ஸ்பிரிங் வளையம்) கழற்றும் பிளேயர் நாலாவது. தகடாக வெட்டி முனை வளைத்த மாடல் பாரத்தில் முறுக்கிக்கொள்ளும், கிளிப் கண்ணைப் பார்த்துப் பறக்கும். ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி முனை தனியாகப் பதித்த வகை வாங்கவும். க்னிபெக்ஸ் இதில் நல்லது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை.

பிப்ரவரி 7, பின்னர்

துளைக்குள் மரை வெட்டும் டேப்பை விட்டுவிட்டேனே என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார், ரொம்பச் சரி, முதலிடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டியது. பெரிய மரை வெட்டும் செட்டில் மலிவானவை கார்பன் ஸ்டீல். உள்ளே ஒடிந்தால் அந்தத் துண்டைச் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாது. கார்பைடு பிட் வேண்டும், அல்லது மின்பொறி அரிப்புக்குக் கொடுக்க வேண்டும். ஹை ஸ்பீட் ஸ்டீலில் எம்6, எம்8, எம்10 மூன்று மட்டும் நல்லதாக வாங்கவும். துளை எம்6-க்கு 5.0, எம்8-க்கு 6.8, எம்10 சாதாரண மரைக்கு 8.5. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய் விட்டுக்கொண்டே.

பிப்ரவரி 9

ராட்செட்டில் பல் எண்ணிக்கை பற்றிய பேச்சு நீள்கிறது. கணக்கு எளிது. 36 பல் என்றால் ஒரு கிளிக்குக்கு 10 டிகிரி, 72 என்றால் 5, 90 என்றால் 4. 200 மி.மீ. கைப்பிடியின் நுனியில் 10 டிகிரி என்பது சுமார் 35 மி.மீ. நகர்வு, 5 டிகிரி என்றால் 17 அல்லது 18. ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) இன்ஜினுக்கும் இடையில் இந்த வித்தியாசம் வேலை முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். 72-க்கு மேல் போவதில் லாபம் வேகமாகக் குறைகிறது.

பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். அதை ஈடுகட்ட நல்ல தயாரிப்பில், பல்லில் விழுந்து பிடிக்கிற கவ்வியை அகலமாக்கிப் பல பற்களை ஒரே நேரத்தில் பிடிக்க வைப்பார்கள். கியர்ரெஞ்ச் 120-இல் உண்மையில் 60 பல்தான், ரெண்டு கவ்விகள் மாறி மாறிப் பிடிப்பதால் 3 டிகிரி கிடைக்கிறது. பெயர் தெரியாத மலிவு ராட்செட்டில் பல் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தி கவ்வியை அப்படியே விட்டிருந்தால், முழுப் பாரத்தில் தாவும். தாவினால் கை நேராக ரேடியேட்டரில்.

விலைக்கு உண்மையான பதில் பின்னிழுப்பில் இருக்கிறது. நட்டு கையால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்த பிறகு, மட்டமான ராட்செட்டைப் பின்னுக்குத் திருப்பினால் நட்டும் கூடவே திரும்பி வரும். முன்னே போனதும் பின்னே வந்ததும் கழிந்து வேலை நடக்காது. கோக்கென், கேடிசியின் நெப்ரோஸ் ராட்செட்டுகளை விரலில் சுற்றிப் பாருங்கள், எவ்வளவு லேசு என்று தெரியும். கடையில் இதைச் சோதிக்க, சதுர முனையை ரெண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் திருப்பவும். முனை விரலில் நிற்க வேண்டும், கூடவே சுற்றக்கூடாது.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. பின்னிழுப்பு அதிகமுள்ள ராட்செட் பலது உள்ளே கெட்டி கிரீஸ் அடைத்துவைத்ததால் அப்படி இருக்கும். மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, பிரேக் கிளீனரால் கழுவி, மெல்லிய கிரீஸை நகம் அளவுக்கு மட்டும் தடவினால் பாதி மலிவு ராட்செட் குணமாகும். வீல் பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம். குளிரில் கவ்வி ஒட்டிக்கொண்டு பல்லில் முழுசாக இறங்காது, தாவலுக்கு அதுவே காரணம். கழற்றும்போது உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் பறக்கும், பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றவும்.

பிப்ரவரி 10

"10 மி.மீ. சாக்கெட் எத்தனை வாங்குவது?" மூன்று. ஒன்று குட்டை, ஒன்று நீளம், ஒன்று இப்போதே பானெட்டுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது.

பிப்ரவரி 12

டார்க் ரெஞ்ச் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்கிற வகைக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரம் அனுமதிக்கிற பிழை, 10 நியூட்டன் மீட்டருக்கு (திருகு விசையின் அலகு) மேல் ±4 சதவீதம். 100-க்கு வைத்தால் 96-லிருந்து 104-க்குள் எங்கேயும் கிளிக் ஆகலாம். இப்போது நடுத்தர விலையிலேயே சோதனைச் சான்றோடு இதற்குள் வருகிறது. உச்ச விலைக்காரன் 3, 2 சதவீதம் என்று சொல்வதற்குக் காசு கொடுக்கும் முன் போல்ட்டைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கிற திருகு விசையில் சுமார் 90 சதவீதம் மண்டைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே போகிறது, போல்ட்டை இழுத்துப் பிடிப்பதற்கு மிஞ்சுவது பத்தில் ஒன்று. மரையில் துரு இருந்தால் உராய்வு கூடி, கிளிக் வந்தும் போல்ட் இறுகாமல் இருக்கும். காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவின மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், அலுமினியத்தில் மரையையே பிடுங்கிக்கொண்டு வரும். மரையை பிரஷ்ஷால் சுத்தம் செய்கிற ரெண்டு நிமிஷம், ±4-லிருந்து ±2-க்குத் தாவுவதை விட அதிகம் தரும்.

அளவின் கீழ்க்கோடியில் பயன்படுத்த வேண்டாம். 40-லிருந்து 200 வரை உள்ள ரெஞ்சை வைத்து 10 நியூட்டன் மீட்டர் வால்வ் கவர் போல்ட்டை இறுக்கப் போனால் கிளிக்கே வராது, போல்ட் ஒடியும். ஆகவே ரெண்டு வேண்டும்: 1/4 அங்குலச் சதுர முனையில் சின்னது, 1/2 அங்குலத்தில் பெரியது. பிடியை நடுவில் பிடிக்கவும், மெதுவாக இழுக்கவும், ஒரே ஒரு கிளிக். "உறுதிக்கு இன்னொரு தடவை" என்று இழுத்தால் அளவு மீறும்.

ரெஞ்சின் தலைக்கு நேராக முன்னே நீட்டுகிற பாத ஸ்பேனர் (கைப்பிடி இல்லாத ஸ்பேனர் வாய்) போட்டால் அளவு மாறும். ரெஞ்சின் நீளம் 400, நீட்டிப்பு 40 என்றால், 100 வேண்டுமிடத்தில் 400-ஐ 440-ஆல் வகுத்து, சுமார் 91-க்கு வைக்க வேண்டும். அதையே 90 டிகிரி பக்கவாட்டில் போட்டால் கணக்கு வேண்டாம்.

பிப்ரவரி 13

ஸ்பிரிங் தளர்த்துவது பற்றி ரெண்டு பேர் மாறி மாறிக் கேட்டதால் இது. சுருள் ஸ்பிரிங் கிளிக் ரெஞ்சை வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்கவும். அதற்குக் கீழே, பிடி கழன்று ஆடுகிற வரைக்கும் திருப்ப வேண்டாம், உள்ளே உறுப்புகள் இடம் மாறும். ஸ்டால்வில்லேயின் மானோஸ்கோப் வளைதண்டு முறையில் வேலை செய்கிறது, அதைத் தளர்த்தவே தேவையில்லை. கூடுதல் விலைக்கு எனக்கு நேரே தெரிகிற ஒரு பயன் இது: மறந்துபோனாலும் கெடாது. தினமும் வேலை செய்கிற பட்டறைக்கு அது பெறும்.

வருஷத்துக்கு நாலு தடவை வீல் நட் இறுக்குகிறவருக்கு முள் காட்டுகிற பழைய தண்டு வகையே போதும். அதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் முள்ளை வளைத்து நிறுத்திவிடலாம். ஒரே குறை, நேராக மேலிருந்து பார்த்துப் படிக்க வேண்டும்.

கிளிக் ரெஞ்சைக் கழற்றப் பயன்படுத்தக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது 5000 கிளிக், எது முதலில் வந்தாலும் சோதனைக்குக் கொடுப்பது பொது வழக்கம்.

பிப்ரவரி 15

மலிவே போதும் என்கிற பட்டியல் கேட்கிறார் முதல் கேள்விக்காரர். தருகிறேன்.

நீளக் கைப்பிடி, அதாவது பிரேக்கர் பார். 200 நியூட்டன் மீட்டரில் ஒட்டிய நட்டுக்கு 250 மி.மீ. ராட்செட்டில் சுமார் 80 கிலோ பாரம் தர வேண்டும், 600 மி.மீ. தண்டில் 34 கிலோ போதும். விலை உயர்ந்த ராட்செட்டில் பைப் மாட்டி அழுத்துவதை விட, மலிவுத் தண்டில் நட்டை அசைத்துவிட்டுப் பிறகு ராட்செட் போடுவது எல்லா வகையிலும் நல்லது. எக்ஸ்டென்ஷன், சுத்தியல், காந்தத் தட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டிய 32 அல்லது 36 மி.மீ. ஆக்ஸில் நட் சாக்கெட் எல்லாம் இந்த வரிசைதான்.

இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துச் சுழற்றும் கருவி) மாட்டுகிற இம்பாக்ட் சாக்கெட்டும் இதில் சேரும். குரோம் மாலிப்டினம், மொத்தச் சுவர், கறுப்புப் பூச்சு. நடுத்தர விலையிலேயே நன்றாக வருகிறது. ஆனால் பளபளக்கிற குரோம் பூச்சு சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் மாட்டக்கூடாது, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். அது கடினமானது, அடி தாங்காமல் வெடிக்கும், பூச்சுச் சில்லும் பறக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ரெண்டு: வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டும், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் அமுக்கும் கருவியும். அங்கே மலிவு பார்க்க வேண்டாம். அமுக்கின ஸ்பிரிங் விடுபட்டால் உயிர் போகும்.

பிப்ரவரி 18

பெட்டியாக வாங்குவதா, தனித்தனியாகவா? பெட்டியின் மேல் இருக்கிற பெரிய எண்ணிக்கையில் பாதி பிட்டாக இருக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு 8-லிருந்து 19 வரை ஓர் அளவுகூட விடாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். எம்8-க்கு ஐரோப்பிய வண்டியில் 13, ஜப்பானியத்தில் பெரும்பாலும் 12. எம்10-க்கு பழைய ஜெர்மன் அளவில் 17, புது ஐஎஸ்ஓவில் 16, ஜப்பானியத்தில் 14. பல பெட்டியில் 16-ம் 18-ம் காணாமல் போயிருக்கும், தேவைப்படுவது சரியாக அதுதான்.

நடுத்தர விலையில் 3/8 அங்குல ஆறு முனைப் பெட்டி ஒன்றை முதலில் வாங்கி, ஆறு மாதம் வேலை செய்யவும். எது உடைகிறது, எது வழுக்குகிறது, எது தினமும் கையில் இருக்கிறது என்று தானே தெரியும். அந்த நாலைந்தை மட்டும் உயர்ந்த தரத்துக்கு மாற்றவும். பெரும்பாலானவர்களுக்கு அது ராட்செட், 10, 12, 13 ஸ்பேனர், க்னிபெக்ஸ் பிளேயர் ஒன்று என்று முடியும். சமமாக மூடுகிற தாடை உள்ள க்னிபெக்ஸ் பிளேயர் ரெஞ்சைப் பற்றி மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: பிடிக்கிற விசையைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கும், தாடையில் பல் இல்லாததால் குரோம் நட்டில் கீறல் விழாது, மி.மீ., அங்குலம் ரெண்டுக்கும் ஒரே கருவி. அதற்கு ஈடான மலிவு மாற்று இல்லை.

பிப்ரவரி 22

பழைய சாமான் வாங்குவது பற்றிய கேள்விக்கு. நல்ல பெயருள்ள பழைய ஸ்பேனர் புது மலிவை விட மேல், சோதித்து வாங்கினால். ஓப்பன் ஸ்பேனரின் வாயில் புது போல்ட்டை வைத்து, வாயின் அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்கவும். நுனியில் இடைவெளி அதிகமென்றால் விரிந்துபோனது, சுத்தியலால் தட்டி மூடினாலும் மறுபடி விரியும். குரோம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் வேண்டாம், பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். சாக்கெட்டைச் சதுரப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூலைகளில் மயிரிழை விரிசல் தெரியும். சாணை பிடித்த அடையாளம் இருந்தால் அந்த இடத்தில் நீலமோ பழுப்போ படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

ராட்செட்டைச் சும்மா சுற்றிப் பார்த்து வாங்கக்கூடாது. வைஸில் போல்ட் ஒன்றைக் கட்டி, ரெண்டு பக்கமும் நல்ல பாரம் கொடுத்து, சதுர முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எல்லாப் பல்லையும் ஒரு தடவை சோதிக்கவும். ஒரே ஒரு இடத்தில் தாவினாலும் பல் போய்விட்டது. நல்ல நிறுவனங்களில் உள் உறுப்புகள் தனியாகக் கிடைக்கும். பல்சக்கரம், கவ்வி, ஸ்பிரிங் மூன்றையும் மாற்றினால் உள்பாகம் புதுசு. கிடைக்காத மாடல் என்றால் பேரம் பேசாமல் விட்டுவிடவும்.

மார்ச் 1

முதல் கேள்வி கேட்டவர் தன் பெட்டியை அளந்து எழுதியிருக்கிறார்: 10, 13, 14 நன்றாக இருக்கின்றன, 12 மட்டும் 12.3 காட்டுகிறது, 17-இல் மூன்று ஜோடியும் மூன்று அளவு. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 12-ஐயும் 17-ஐயும் மட்டும் தனி சாக்கெட்டாக, ஆறு முனையில் வாங்கிப் போடவும். ஜப்பானிய வண்டி என்பதால் 12-ஐ இன்றைக்கே. 17 ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு வேண்டியிருக்கும், அடுத்த ஆயில் மாற்றத்துக்கு முன் வந்தால் போதும். பழைய 12-ஐ பெட்டியிலிருந்து எடுத்துவிடவும், இல்லையென்றால் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.